சுவாஹிலியில் தொடங்கி ஆய்வேடு வரை: ஆப்பிரிக்க மொழி, பண்பாட்டு இளங்கலைப் படிப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆப்பிரிக்க மொழிகளையும் பண்பாடுகளையும் இளங்கலையில் முதன்மைப் பாடமாக எடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியை முதன்மை மொழியாக எடுத்துப் படித்தேன். பிறகு முதலாண்டு மாணவர்களுக்கு டியூட்டராகவும் இருந்தேன். சறுக்கியவர்களில் பெரும்பாலோர் அறிவில் குறைந்தவர்கள் இல்லை. எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்யலாம் என்ற வரிசை தவறியவர்கள்தான். அதனால் கீழே உள்ள படிகளை முடிந்தவரை இதே வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கண்டத்தை விட்டுவிட்டு ஒரு மொழியைத் தேர்ந்தெடுங்கள்

"ஆப்பிரிக்கப் பண்பாட்டில் ஆர்வம்" என்று விண்ணப்பக் கடிதத்தில் எழுதுவது எளிது. ஆனால் அந்தக் கண்டத்தில் சுமார் 2,000 மொழிகள் பேசப்படுகின்றன. படிப்பு தொடங்கியதும் நீங்கள் ஒரு மொழி வகுப்பில்தான் போய் உட்காரப்போகிறீர்கள். பண்பாட்டுப் பாடம், களப்பணி, ஆய்வேடு எல்லாமே அந்த மொழியை ஒட்டித்தான் அமையும். எனவே மொழியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதைச் சொல்லித்தரும் பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஊர் பிடித்திருக்கிறது என்று சேர்ந்துவிட்டு, மூன்றாவது செமஸ்டரில் தங்கள் மொழிக்கு மேல்நிலை வகுப்பே இல்லை என்று கண்டுபிடிக்கிறார்கள்.

ஒரு துறையைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் போதும். அந்த மொழி எத்தனை செமஸ்டர் தொடர்ச்சியாக நடக்கிறது? அதைத் தாய்மொழியாகப் பேசும் ஆசிரியர் இருக்கிறாரா? அந்த மொழி பேசும் நாட்டில் உள்ள பல்கலைக்கழகத்தோடு மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் உண்டா? நான்கு செமஸ்டருக்குக் குறைவாக நடக்கும் மொழியை முதன்மையாக எடுக்க வேண்டாம்.

தமிழ் பேசுகிறவருக்கு எந்த மொழி எப்படி இருக்கும் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். அம்ஹாரிக்கில் வினை நம்மைப் போலவே வாக்கியத்தின் கடைசியில் வரும். எழுத்தும் நம் உயிர்மெய் முறைக்கு நெருக்கம், ஒவ்வொரு மெய்யும் ஏழு உயிர்களுக்கு ஏழு வடிவம் எடுக்கும். ஆனால் தொண்டையை இறுக்கி வெடிக்கும் ஒலிகளுக்கும் வினைச்சொல்லின் அமைப்புக்கும் பொறுமை வேண்டும். யோருபாவில் மூன்று தொனிகள். 'ஒகோ' என்ற ஒரே எழுத்துக்கோவை தொனி மாறினால் கணவன், மண்வெட்டி, ஈட்டி, வண்டி என்று நான்கு பொருள் தரும். ஹௌசாவிலும் தொனி உண்டு. ஜூலுவில் நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் மூன்று வகை. சுவாஹிலியில் தொனி இல்லை, எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் இடைவெளி இல்லை, வானொலியும் செய்தித்தாளும் தாராளமாகக் கிடைக்கின்றன. புதிதாக வருபவருக்கு நான் சொல்வது சுவாஹிலியைத்தான். இனி வரும் எடுத்துக்காட்டுகளும் அதிலிருந்தே.

2. சேர்வதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம், மும்பைப் பல்கலைக்கழகம், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் ஆகியவற்றில் ஆப்பிரிக்க ஆய்வுக்கான துறைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் வேலை முக்கியமாக முதுகலையிலும் முனைவர் பட்டத்திலும்தான். இளங்கலையிலேயே தொடங்க நினைப்பவர் லண்டனில் சோவாஸ், ஜெர்மனியில் லைப்சிக், ஹாம்புர்க், பைரொய்ட், கொலோன், ஆஸ்திரியாவில் வியன்னா என்று தேடுவார். தான்சானியாவின் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்திலேயே கிஸ்வாஹிலியில் (சுவாஹிலிக்கு அந்த மொழியிலேயே உள்ள பெயர்) இளங்கலை இருக்கிறது. ஆனால் அங்கே பாடமே சுவாஹிலியில் நடப்பதால், முதல் நாளே அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும்.

ஜெர்மனிக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். முதலாவது, இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் முடித்தவருக்குப் பொதுவாக நேரடி இடம் கிடையாது. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் குறைந்தது ஓராண்டு படித்துத் தேறியிருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே ஸ்டூடியன்கொலெக் என்ற ஆயத்தப் படிப்பு வழியாக நுழைய வேண்டும். இரண்டாவது, இளங்கலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மனில்தான் நடக்கும். சுவாஹிலி இலக்கணத்தை ஜெர்மன் விளக்கத்தோடு படிக்கப்போகிறீர்கள். எனவே ஜெர்மனைப் பி1 என்ற இடைநிலையில் நிறுத்திவிட்டு "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பாதீர்கள். சேர்க்கைக்கே அதைவிட மேலான தேர்ச்சி கேட்பார்கள்.

நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்டும் முடக்கக் கணக்கில் கட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோ என்று உயர்த்தப்பட்டது. விண்ணப்பிக்கும் ஆண்டில் தூதரகப் பக்கத்தில் மறுபடியும் சரிபாருங்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். செலவு எல்லாம் வாடகையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் இருக்கிறது.

3. முதல் மாதம்: வாயும் எழுத்தும்

புதியவர்கள் முதல் வாரத்திலேயே சொல்பட்டியல் மனப்பாடம் செய்யத் தொடங்குவார்கள். அதற்கு முன் ஒலிகளைச் சரிசெய்யுங்கள். தவறான உச்சரிப்போடு மனப்பாடம் செய்த நூறு சொற்களைத் திருத்துவதைவிட, சரியான உச்சரிப்போடு பத்துச் சொல் படிப்பது எளிது.

தமிழ் மாணவர்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை. குறிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். சுவாஹிலியில் அப்பாவுக்கு ஒரு சொல், சுறா மீனுக்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் 'பாபா' என்றுதான் வரும். வாத்தும் 'பெறு' என்ற வினையும் இரண்டுமே 'பாதா'. இந்தக் கட்டுரையிலேயே எனக்கு வேறு வழியில்லை, பாருங்கள். தமிழில் வல்லினம் எங்கே அழுத்தமாக ஒலிக்கும், எங்கே மெலிந்து ஒலிக்கும் என்பதை இடமே முடிவு செய்கிறது. சுவாஹிலியில் அது பொருளை மாற்றும். அதனால் முதல் நாளிலிருந்தே ரோமன் எழுத்தில் எழுதுங்கள். ஒலிப்பியல் வகுப்பில் சொல்லித்தரும் ஐ.பி.ஏ. எனும் பன்னாட்டு ஒலிக் குறியீட்டையும் அந்த மாதமே பழகிவிடுங்கள். இரண்டாம் ஆண்டில் தொனி மொழி ஒன்று வரும்போது அது இல்லாமல் முடியாது.

அழுத்தம் கடைசிக்கு முந்திய அசையில் விழும். விதிவிலக்குகள் மிகக் குறைவு. 'பராபரா' என்பதை விதிப்படி அழுத்தினால் சாலை, அழுத்தத்தை ஓர் அசை முன்னே தள்ளினால் 'மிகச் சரி'. நம் வசதிக்கு ஒன்று இருக்கிறது. 'ங்' சொல்லின் முதலில் வரும்போது ஐரோப்பிய மாணவர்கள் திணறுவார்கள். மாட்டைக் குறிக்கும் 'ஙோம்பே' நமக்கு ஒரு நிமிடத்தில் வந்துவிடும்.

தினமும் பத்து நிமிடம் உங்கள் குரலைப் பதிவு செய்து, ஆசிரியரின் பதிவோடு சேர்த்து வைத்துக் கேளுங்கள். வகுப்பில் முப்பது பேர் ஒன்றாகச் சொல்லும்போது உங்கள் பிழை யாருக்கும் கேட்காது, உங்களுக்கும் கேட்காது.

4. பெயர் வகுப்புகள்: முதல் செமஸ்டரின் பாதி நேரம் இதற்கே

இந்தப் படிப்பை நடுவில் விட்டவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுவாஹிலிப் பெயர்ச்சொற்கள் வகுப்புகளாகப் பிரிந்திருக்கும். சொல்லின் முன்னொட்டு வகுப்பைக் காட்டும், பன்மையில் அந்த முன்னொட்டு மாறும். கித்தாபு என்றால் புத்தகம், வித்தாபு என்றால் புத்தகங்கள். இதோடு நின்றால் யாருக்கும் சிக்கல் இல்லை. ஆனால் அந்த வகுப்பின் அடையாளம் எண்ணுப்பெயரிலும் பெயரடையிலும் வினையிலும் தொற்றிக்கொண்டே போகும். 'கித்தாபு கிமோஜா கிமெயங்குகா' என்றால் ஒரு புத்தகம் விழுந்துவிட்டது. இரண்டு விழுந்தால் 'வித்தாபு விவிலி விமெயங்குகா'. மூன்று சொல்லும் ஒன்றாக மாறுவதைக் கவனியுங்கள்.

புதியவர்கள் செய்வது என்ன? 'கித்தாபு = புத்தகம்' என்று அட்டையில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் சொல் நினைவுக்கு வரும், வாக்கியம் வராது. அட்டையில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் மூன்று வடிவம் எழுதுங்கள்: ஒருமை, பன்மை, 'என்னுடைய' சேர்த்த வடிவம். மூன்றாவது ஏன் வேண்டும் என்றால், சில வகுப்புகளில் ஒருமையும் பன்மையும் ஒரே சொல்தான். ந்யும்பா என்றால் வீடு, வீடுகளும் ந்யும்பாதான். 'ந்யும்பா யாங்கு' என்றால் என் வீடு, 'ந்யும்பா ஸாங்கு' என்றால் என் வீடுகள். வகுப்பும் எண்ணும் பக்கத்துச் சொல்லில்தான் தெரியும்.

அடுத்த பள்ளம் உயிருள்ளவை. காண்டாமிருகம் 'கிஃபாரு'. கி-யில் தொடங்குகிறது, ஆகவே புத்தகத்தைப் போல 'கிமெலாலா' என்று எழுதிவிடுவார்கள். தப்பு. தூங்குவது உயிருள்ள பிராணி, எனவே மனிதருக்குரிய இயைபைத்தான் எடுக்கும்: 'கிஃபாரு அமெலாலா'. இதை நம் திணையோடு ஒப்பிட்டுப் பிடித்துக்கொள்ளலாம், ஒரு திருத்தத்தோடு: சுவாஹிலியில் யானை, கொசு எல்லாமே உயர்திணைப் பக்கம்.

இன்னொரு குழப்பம் நீங்கள் கிழக்கு ஆப்பிரிக்கா போகும்வரை தெரியாது. ஐரோப்பியப் பாடநூல்கள் வகுப்புகளுக்கு எண் கொடுக்கும்: 1/2 மனிதர், 3/4 மரம், 7/8 கி-வி என்று போகும். கென்யாவிலும் தான்சானியாவிலும் பள்ளி இலக்கணம் அதே வகுப்புகளை வினையில் வரும் இயைபை வைத்து ஆ-வா, உ-இ, லி-யா, கி-வி என்று பெயரிட்டு 'ங்கேலி' என்று அழைக்கும். அங்கே போய் ஆசிரியரிடம் "இது ஏழாம் வகுப்பா?" என்று கேட்டால், பள்ளியைப் பற்றிக் கேட்பதாக நினைப்பார். முதல் செமஸ்டரிலேயே இரண்டு முறையையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

5. வினைச்சொல்லும் அகராதியும்

வினையில் தமிழருக்கு ஒரு சலுகை உண்டு. ஒட்டி ஒட்டிச் சொல் கட்டுவது நமக்குப் பழகியது. 'படிக்கவைக்கப்படுகிறார்கள்' என்பதில் முதலில் படி, பிறகு வை, பிறகு படு, பிறகு காலம், கடைசியில் 'ஆர்கள்'. சுவாஹிலியில் அதே பொருள் தரும் சொல் 'வானசொமேஷ்வா'. இதில் 'வா' அவர்கள், 'ன' நிகழ்காலம், 'சொம்' படி, 'ஏஷ்' செய்வித்தல், 'வ்' படுதல். ஆளும் காலமும் முன்னால் வந்துவிட்டன, மற்ற இரண்டும் நம் வரிசையிலேயே வேருக்குப் பின்னால் நிற்கின்றன. இதைப் புரிந்துகொண்டவர் வினையில் வேகமாகப் போய்விடுவார். ஜெர்மன் மாணவர்கள் ஒரு செமஸ்டர் திணறும் இடம் இது.

சலுகை இருக்கிறது என்று அகராதிப் பழக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மேலே உள்ள சொல்லை அகராதியில் 'வா' எழுத்தில் தேடினால் கிடைக்காது, 'சோமா' என்ற வேரில்தான் இருக்கும். பெயர்ச்சொல்லிலும் இதே கதைதான். பற்களைக் குறிக்கும் 'மேனோ' அகராதியில் 'ஜினோ' என்ற ஒருமையின் கீழ் இருக்கும், கண்களைக் குறிக்கும் 'மாச்சோ' 'ஜிச்சோ'வின் கீழ். எனவே அகராதி திறப்பதற்கு முன் சொல்லைப் பிரித்து எழுதுவது ஒரு தனிப் பயிற்சி. வாரம் ஒரு செய்திப் பத்தியை எடுத்து, ஒவ்வொரு வினையையும் கோடு போட்டுப் பிரியுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியை இந்தப் பயிற்சி முடியும்வரை தொடவேண்டாம். அது பொருளைத் தந்துவிடும், எந்த ஒட்டு என்ன வேலை செய்தது என்று சொல்லாது. தேர்வில் கேட்பது இரண்டாவதைத்தான்.

6. காது, முகமன், கடிகாரம்

இரண்டாம் மாதத்திலிருந்து தினமும் கேளுங்கள். பிபிசி சுவாஹிலி சேவை 1957-லிருந்தும் டாய்ச்சே வெல்லேயின் கிஸ்வாஹிலி சேவை 1963-லிருந்தும் நடக்கின்றன. செய்தி அறிக்கை தெளிவாக இருக்கும், அதில் தொடங்குங்கள். அப்புறம் கால்பந்து வருணனை. தார் எஸ் சலாமின் சிம்பா, யங்கா அணிகள் மோதும் ஆட்டத்தை சுவாஹிலியில் கேட்டுப் பாருங்கள், முதலில் ஒரு சொல்லும் புரியாது. புரியத் தொடங்கும் நாளில் உங்கள் காது தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். படிக்க, தான்சானியாவின் 'ம்வனாஞ்சி', கென்யாவின் 'தாய்ஃபா லெயோ' இரண்டையும் மாற்றி மாற்றி எடுங்கள். இரண்டு நாட்டுச் சொல்வழக்கும் ஒன்றில்லை என்பது அப்போதே தெரியும். நைரோபி இளைஞர்களின் ஷெங் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அடிப்படை உறுதியாகும் முன் அதைக் கற்றால் எழுத்துத் தேர்வில் கலந்துவிடும்.

முகமனைப் பாடநூலின் முதல் பாடம் என்று அவசரமாகக் கடந்துவிடுவார்கள். அது பண்பாட்டுப் பாடம். பெரியவரைக் கண்டால் இளையவர் முதலில் 'ஷிகமோ' சொல்ல வேண்டும், அவர் 'மராஹாபா' என்பார். சமவயதினரிடம் 'மாம்போ', பதில் 'போவா'. இந்த இரண்டாவதைப் பேராசிரியரிடம் சொல்லிவிட்டு முழிப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். காலை எப்படி, வீட்டில் எப்படி, வேலை எப்படி என்று 'ஹபாரி' கேள்விகள் தொடரும். அவற்றை முடிக்காமல் நேராக விஷயத்துக்கு வருவது, நம் ஊரில் வீட்டுக்குள் நுழைந்ததும் "வாங்க" என்பதற்குக்கூட நேரம் தராமல் கடன் கேட்பதைப் போல இருக்கும்.

கடிகாரம் வேறு கணக்கு. சுவாஹிலியில் நேரம் விடியலிலிருந்து எண்ணப்படும். காலை ஏழு மணி 'சா மோஜா', அதாவது ஒரு மணி. 'சா தாத்து' என்றால் சொல்படி மூன்று மணி, உண்மையில் ஒன்பது. தான்சானியாவில் "நாளை சா தாத்துவுக்கு வா" என்று ஆசிரியர் சொல்ல, பிற்பகல் மூன்று மணிக்குப் போய் நின்ற மாணவரை எனக்குத் தெரியும். ஆறைக் கூட்டவோ கழிக்கவோ செய்தால் போதும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பேச்சின் வேகத்தில் மறந்துபோகும். கைபேசி நாட்காட்டியில் சந்திப்புகளைக் குறிக்கும்போது சுவாஹிலி நேரத்தையும் சேர்த்து எழுதிப் பழகினால் இரண்டு வாரத்தில் இயல்பாகிவிடும்.

7. பண்பாட்டுப் பாடமும் நூலகமும்

முதல் கட்டுரைகள் சிவப்பு மையோடு திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: "ஆப்பிரிக்காவில் மக்கள்..." என்று தொடங்கும் வாக்கியம். யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற மூன்றும் முதல் பத்தியிலேயே வர வேண்டும். "லாமுவில்", "மொம்பாசா பழைய நகரில்", "1960-களின் சான்சிபாரில்" என்று எழுதத் தொடங்கினாலே பாதிப் பிழை தானாக விழுந்துவிடும். எந்த ஆதாரத்திலிருந்து எடுத்தீர்களோ, அது எந்த ஊரைப் பற்றியது என்று பாருங்கள். கடற்கரையைப் பற்றி எழுதியதை உள்நாட்டுக்குப் பொருத்தாதீர்கள்.

நூலகத்தில் தேடும்போது பெரிய இடைஞ்சல் பெயர்கள். ஒரே மொழி ஃபுலா, ஃபுலானி, ஃபுல்ஃபுல்டே, புலார், பெல் என்று பல பெயரில் கிடக்கும். நியாஞ்சா, சேவா என்று நாட்டுக்கு ஒரு பெயர். ஒரு பெயரில் தேடி "நூலே இல்லை" என்று முடிவுக்கு வந்தவர்கள் ஏராளம். தேடலைத் தொடங்கும் முன் உலக மொழிகளைப் பட்டியலிடும் கிளாட்டோலாக் தளத்தில் அந்த மொழியின் எல்லாப் பெயர்களையும் எடுத்துப் பட்டியலிடுங்கள். சுவாஹிலியும் ஜூலுவும் சேர்ந்த பாந்து குடும்ப மொழியாக இருந்தால், அந்த மொழிகளை வகைப்படுத்தும் கத்ரீ குறியீட்டையும் குறித்துக்கொள்ளுங்கள், சுவாஹிலிக்கு அது ஜி42. காலனிக்காலப் பட்டியல்களில் இன்று வசவாகக் கருதப்படும் பெயர்களும் வரும். தேடுவதற்கு அவை தெரிந்திருக்க வேண்டும், உங்கள் கட்டுரையில் அவை வரக்கூடாது. பழைய நூல் தலைப்பை அப்படியே குறிக்க வேண்டியிருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

மிஷனரிகள் எழுதிய பழைய இலக்கண நூல்களை ஒதுக்கிவிடாதீர்கள். சொல்தொகுப்பும் எடுத்துக்காட்டு வாக்கியங்களும் பல நேரம் அருமையாக இருக்கும். மக்களைப் பற்றி முன்னுரையில் அவர்கள் சொல்லும் கருத்தைத்தான் நம்பக்கூடாது.

8. இரண்டாவது மொழி

மூன்றாவது செமஸ்டருக்கு முன் எடுக்க வேண்டாம். எடுக்கும்போது வேறு குடும்பத்திலிருந்து எடுங்கள். சுவாஹிலிக்குப் பிறகு ஜூலு படித்தால் பெயர் வகுப்புகள் கைகொடுக்கும், உண்மைதான். ஆனால் ஹௌசாவோ அம்ஹாரிக்கோ படித்தால்தான் சுவாஹிலியில் எது பாந்து இயல்பு, எது பொது இயல்பு என்று தெரியவரும். இரண்டாவது மொழியில் பேச்சுத்திறன் வரும்வரை போராட வேண்டியதில்லை. அமைப்பு புரிந்து, அகராதியோடு ஒரு பக்கம் வாசிக்க முடிந்தால் இளங்கலைக்குப் போதும்.

9. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு செமஸ்டர்

நான்காவது அல்லது ஐந்தாவது செமஸ்டர் சரியான நேரம். அதற்கு முன் போனால் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளிவிடுவீர்கள். தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தில் தட்டாகி என்ற கிஸ்வாஹிலி ஆய்வு நிறுவனமும், சான்சிபாரில் சூசா என்ற அரசுப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டவருக்கான மொழிப் படிப்பும் நன்கு அறியப்பட்டவை. பேச்சு வேகமாக வர வேண்டுமென்றால் சான்சிபார். பொதுச் சுவாஹிலி அந்த ஊர்ப் பேச்சை அடியாகக் கொண்டது, சிறு நகரம், சுவாஹிலி பேசாமல் ஒரு நாள் நகராது. நூலகமும் ஆய்வும் முக்கியமென்றால் தார் எஸ் சலாம். ரமலான் மாதம் எப்போது வருகிறது என்று பார்த்துப் பயணத்தை வையுங்கள். சான்சிபாரில் அந்த மாதம் பகலில் உணவகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், பொது இடத்தில் சாப்பிடுவது மரியாதை இல்லை. மார்ச்சிலிருந்து மே வரை 'மசிகா' எனும் பெருமழை. ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்யும் திட்டத்தை அப்போது வைக்காதீர்கள்.

ஆவணங்களை ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். வகுப்பில் உட்காரவும் மக்களை நேர்கண்டு பதிவு செய்யவும் தனித்தனி அனுமதி வேண்டும். பலர் மாணவர் அனுமதி இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். தான்சானியாவில் ஆய்வு அனுமதி தருவது காஸ்டெக் ஆணையம், சான்சிபாருக்குத் தனி நடைமுறை. கென்யாவில் நகோஸ்டி. சுற்றுலா விசாவில் போய் ஒலிப்பதிவுக் கருவியோடு சந்தையில் அலைவது உங்களுக்கும் உங்களிடம் பேசியவர்களுக்கும் தொல்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், அட்டை பத்தாவது நாளில்தான் செல்லுபடியாகும். 2016-க்குப் பிறகு அது ஆயுள் முழுக்கச் செல்லும். கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா போன்ற நாடுகளில் இருந்துவிட்டு அட்டை இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். தமிழ்நாட்டில் இருப்பவர் கிண்டி கிங் நிறுவனத்தில் போட்டுக்கொள்ளலாம். நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ நீண்ட நேரம் காத்திருந்து தான்சானியாவுக்கு விமானம் மாறினால் அங்கேயும் அட்டை கேட்பார்கள்.

தங்கும் இடத்தைக் குடும்ப வீடாகத் தேடுங்கள். வெளிநாட்டு மாணவர்கள் சேர்ந்து எடுத்த வீட்டில் தங்கியவர்களின் சுவாஹிலி, போனபடியே திரும்பி வருகிறது.

10. ஆய்வேடு: கேள்வியைச் சுருக்குவது

தலைப்பைப் போவதற்கு முன் தோராயமாகவும், ஊரில் இருக்கும்போது உறுதியாகவும் முடிவு செய்யுங்கள். திரும்பி வந்தபின் தேடினால் தரவு இல்லாத தலைப்புதான் கிடைக்கும்.

எப்படிச் சுருக்குவது என்று ஓர் எடுத்துக்காட்டில் காட்டுகிறேன். "சுவாஹிலிப் பெண்களின் பண்பாடு" என்று ஒரு மாணவி வருகிறார் என்று வையுங்கள். அது ஆய்வேடு ஆகாது. காங்காவை எடுக்கலாம். கடற்கரைப் பெண்கள் உடுத்தும் செவ்வகப் பருத்தித் துணி அது, இரண்டு இரண்டாக விற்பார்கள். சுற்றியுள்ள கரைக்கு 'பிந்தோ', நடுப்பகுதிக்கு 'ம்ஜி', கீழே அச்சிட்ட ஒரு வரி வாசகத்துக்கு 'ஜினா' என்று பெயர். வாங்குகிறவர் வண்ணத்தை மட்டும் பார்ப்பதில்லை, துணியை விரித்து வாசகத்தைப் படித்துவிட்டுத்தான் விலை கேட்பார். 'உசிசாஃபிரியே ந்யோதா யா ம்வென்ஸியோ' என்று ஒரு வாசகம் உண்டு: அடுத்தவர் நட்சத்திரத்தை நம்பி நீ பயணம் கிளம்பாதே. கடலோடிகளின் பழமொழி. துணியில் அச்சாகி, பொறாமைப்படும் பக்கத்து வீட்டுக்காரி கண்ணில் படும்படி உடுத்தினால் அது சண்டை. யாராவது கேட்டால், "கடையில் இருந்தது, வாங்கினேன்" என்று சொல்லிவிடலாம். வாய்திறந்து சொல்ல முடியாததைத் துணி சொல்கிறது, உடுத்தியவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியதுமில்லை.

இப்போது மொழிப் பக்கம் பாருங்கள். அந்த முதல் சொல்லில் 'உ' நீ, 'சி' எதிர்மறை, கடைசி 'ஏ' ஏவல் வடிவம். "சான்சிபார் கடைத்தெருவில் ஒரு பருவத்தில் விற்ற காங்கா வாசகங்களில் எதிர்மறை ஏவல் எப்படி வருகிறது, யாரை நோக்கி வருகிறது?" என்பது முப்பது நாற்பது பக்கத்தில் முடிக்கக்கூடிய கேள்வி. கடைக்காரர் அனுமதியோடு வாசகங்களைப் படமெடுக்கலாம், நான்கு ஐந்து பேரிடம் பொருள் கேட்கலாம், வினைகளை ஐந்தாம் படியில் சொன்ன மாதிரி பிரிக்கலாம். இலக்கணமும் பண்பாடும் ஒரே தரவில் வந்துவிடும்.

பதிவு செய்யும்போது ஒப்புதலைச் சுவாஹிலியில் கேளுங்கள், பதிவின் தொடக்கத்திலேயே அது ஒலிக்கட்டும். பதிவுகள் கலந்துபோவது சகஜம், எனவே கோப்பின் பெயரில் தேதி, இடம், பேசியவரின் குறியெண் மூன்றையும் அன்றிரவே எழுதிவிடுங்கள். உண்மைப் பெயர்கள் தனிக் குறிப்பேட்டில் இருக்கட்டும். எழுத்தாக்கத்துக்கு ஈலான் மென்பொருள் இலவசம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கப் பல நாள் ஆகும். எனவே பத்து மணி நேரம் பதிவு செய்துகொண்டு வராதீர்கள், ஒரு மணி நேரத்தை நன்றாகச் செய்யுங்கள். அதையும் ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் முடித்துவிடுங்கள். புரியாத இடத்தை யாரிடம் கேட்க வேண்டுமோ, அவர் அங்கேதான் இருக்கிறார்.

ஆய்வேடு முடிந்ததும் அனுமதி தந்த ஆணையத்துக்கு ஒரு பிரதி அனுப்புவது அனுமதி நிபந்தனைகளில் ஒன்று. ஜெர்மனிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால், சுவாஹிலியில் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றையும் இணையுங்கள். அதைத் தாய்மொழிக்காரர் ஒருவர் திருத்தித் தர ஒரு வாரமாவது ஆகும், சமர்ப்பிக்கும் தேதியைக் கணக்குப் போடும்போது அந்த வாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.